வீட்டு மரத்தில் வேலை மேசை: வாசகர் கேள்விகள்

கொல்லையில் சாய்ந்த ரம்புத்தான் மரம் மேசைக்கு ஆகுமா? (பீடோர்)

காலுக்கும் சட்டத்துக்கும் ஆகும். கெட்டியான மரம், ஆனால் காயும்போது வெடிக்கும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பழைய எண்ணெய்ப் பெயிண்டைத் தடிப்பாகப் பூசிவிடுங்கள்.

மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரத்தில் சில துண்டுகள் வாங்கி, மூன்று மாதமாக வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். எப்படி அறுப்பது? (சுங்கை சிப்புட்)

மூன்று மாதமா? அறுக்கவே வேண்டாம். மாவுச்சத்து நிறைந்த மரம் அது, சில நாள் மண்ணில் கிடந்தாலே நீலப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும், பின்னாலேயே வண்டு வரும். ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள், குண்டூசித் தலை அளவுத் துளைகளும் அடியில் கொட்டிய மரத்தூளும் இருந்தால் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், பிரம்பு நாற்காலி வரைக்கும் பரவும். இதை எத்தனை தடவை எழுதுவது! இப்படிப் போட்டு வைத்துக் கெடுத்துவிட்டு, ரப்பர் விறகுக்குத்தான் லாயக்கு என்று மரத்தின் மேல் பழி போடுகிறோம். அதே மரத்தில்தான் ஜொகூர் மாநிலத்து மூவார் பட்டறைகள் மேசை நாற்காலி செய்து கப்பலேற்றுகின்றன. அங்கே அறுத்த ஓரிரு நாளில் வண்டையும் பூஞ்சையையும் தடுக்கும் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, நேரே சூளையில் காயவைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 25, 30 வருடம் நம் சனம் பால் வெட்டிய மரம் இப்படி மக்கிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அடுத்த தடவை முதலில் மில்லில் பேசி வையுங்கள், லோரிக்குச் சொல்லி வையுங்கள், அப்புறம் மரத்துக்கு விலை பேசுங்கள்.

பலகை காய எத்தனை நாள்? (தாப்பா)

எத்தனை அங்குலப் பலகை என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, பலகைகளுக்கு நடுவே இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து, மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேராக வரும்படி அடுக்குங்கள். ஒரு பலகையை மாதாமாதம் நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. முனைக்குப் பெயிண்ட் அடித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுப் பலா மரத்தை மில்லில் அறுக்க மாட்டேன் என்கிறார்கள். (பாகான் செராய்)

அவர்கள் சொல்வது நியாயம்தான். துணிக் கம்பி கட்ட அடித்த ஆணியை மரம் விழுங்கியிருக்கும், வாள்பட்டை ஒரு ஆணியில் போய்விடும். உலோகம் தேடும் கருவியை வைத்துச் சோதித்து, அடிமரத்தில் ஆளுயரம் வரை கழித்துவிட்டுக் கொண்டுபோங்கள். பலா அருமையான மரம், விட்டுவிடாதீர்கள்.

நின்று வேலை செய்யும் மேசைக்கு எத்தனை உயரம்?

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு வரும் உயரம். பலருக்கு 34 அங்குலம்.

மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டலாமா? (குளுவாங்)

கூடாது. அடைமழையில் பலகை அகலவாக்கில் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும், ஒட்டினால் பிளந்துவிடும். நடுவில் போல்ட்டை இறுக்குங்கள், ஓரத்துப் போல்ட்டுகளுக்குச் சட்டத்தில் துளையை அரை அங்குலம் நீட்டி வெட்டி, அகலமான வாஷர் போடுங்கள்.