கொடிமலை இறங்கிய பிறகு தொடை வலிப்பது ஏன்?

கேள்வி: தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் சாலை வழியே பினாங்குக் கொடிமலை ஏறி, நடந்தே இறங்கினேன். இரண்டாம் நாள் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, உருவிவிட்டால் கரைந்துவிடும் என்கிறார் பயிற்றுநர். சரிதானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சரியல்ல. ஏறும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓய்ந்து உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் உருவிக் கரைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

1907-இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையைக் களைத்துப்போகும்வரை சுருங்கவைத்தார்கள். லாக்டிக் அமிலம் கூடியது. ஆக்சிஜனில் வைத்ததும் குறைந்தது. இந்த வழியில் தொடர்ந்த ஏ.வி. ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உடற்பயிற்சி உடலியங்கியல் வளர்ந்ததே இந்த அடித்தளத்தில்தான். ஆனால் வெட்டியெடுத்த தசையில் ரத்த ஓட்டம் இல்லை. நடமாடும் மனிதரின் இதயமும் மற்றத் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த ஆய்வுகள் களைப்பைப் பற்றியவை. மறுநாள் வலியையும் அதே அமிலத்தின் தலையில் கட்டியது பின்னால் வந்த பழக்கம்.

இத்தனைக்கும் 1902-லேயே அமெரிக்காவில் தியோடர் ஹஃப், தசைக்குள் ஏற்படும் கிழிசலால்தான் இந்த வலி வருகிறது என்று எழுதிவிட்டார். அவர் பேச்சு எடுபடாமல் போனது பெரிய இழப்பு. 1983-இல் ஓர் ஆய்வு கணக்கைத் தீர்த்தது. டிரெட்மில்லில் 45 நிமிடம் சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் கூடியது, வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் அவ்வளவாகக் கூடவில்லை, வலி வந்தது.

ஆகவே உங்கள் தொடையைப் பிடித்தது ஏற்றமல்ல, இறக்கம். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. நுண்ணிழைகள் அப்போதுதான் கிழிகின்றன. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும்.

அடுத்த முறை, இரண்டு வாரம் முன்பே தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஒருமுறை நிதானமாக இறங்கிவிடுங்கள். அந்தச் சிறு பாதிப்பே தசையைப் பழக்கிவிடும்; பலன் சில வாரங்கள் நிற்கும். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, குட்டை அடிகளாக வையுங்கள், குதிக்காதீர்கள். அதற்கு நேரமில்லையென்றால் கொடிமலை ரயிலில் இறங்கலாம், உங்கள் ஊரிலேயே கொண்டுவந்து விடும்.

வலியோடு சிறுநீர் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி) நிறத்தில் போனால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.