பாட்டுக்காரர் மாட்டிய போலீஸ் பேட்ஜ்

சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "அமெரிக்க டிவி போலீஸ்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு மேடைப் பாடகர், ஜெர்ரி ஆர்பாக்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. நாடக மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து இளமையைக் கழித்தவன் நான். இந்த விஷயத்தில் என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன். எனவே இந்த முறை மற்ற கேள்விகளுக்கு இடமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மகன் வீட்டில் 'லா அண்ட் ஆர்டர்' பழைய தொடரை விடாமல் பார்த்தேன். லென்னி பிரிஸ்கோவாக வரும் அந்தத் தளர்ந்த முகத்துக்காரர் பாடுவார் என்று நீங்கள் எழுதியதை நம்ப முடியவில்லை. உண்மையாகவே பாடகரா?" (ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர்)

பாடகர்தான் ஐயா. அதுவும் சாதாரணப் பாடகர் இல்லை. நீங்கள் டிவியில் பார்ப்பதற்கு முன்பே, நியூயார்க் நகரின் இசை நாடக மேடையில் முப்பது ஆண்டு நின்றவர்.

1935-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். தாயார் வானொலியில் பாடியவர். வெளியூரில் படித்த படிப்பை முடிக்காமலேயே 1955-ல் நியூயார்க் திரும்பி 'த்ரீ பென்னி ஆபரா'வில் சேர்ந்தார். முதல் வேலை மாற்று நடிகர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் வேடத்தைக் கட்டுவது. நம் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எல்லார் பாடமும் தெரிந்திருக்க வேண்டும், கூப்பிடும்வரை ஓரத்தில் நிற்க வேண்டும். அந்த நாடகத்திலேயே ஒவ்வொரு வேடமாக ஏறி, கடைசியில் கதாநாயகன் மெக்கீத் வேடத்தையும் பிடித்துவிட்டார்.

1960 மே 3-ம் தேதி 'தி ஃபேன்டஸ்டிக்ஸ்' தொடங்கியபோது அதில் எல் காயோ என்ற கொள்ளைக்காரன் வேடம் அவருக்கு. கதை சொல்வதும் அவனேதான். சல்லிவன் தெருவில் 153 இருக்கை கொண்ட சின்னஞ்சிறு அரங்கம், பக்கவாத்தியம் ஒரு பியானோ, நம் யாழ் போன்ற ஒரு ஹார்ப், அவ்வளவுதான். அந்த நாடகம் 2002 ஜனவரி வரை, 17,162 காட்சிகள் நடந்தது. நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் முதல் பாட்டை முதலில் பாடிய குரல் ஆர்பாக்குடையது.

பிறகு 1961-ல் 'கார்னிவல்', 1968-ல் 'பிராமிஸஸ், பிராமிஸஸ்', 1975-ல் 'சிகாகோ', 1980-ல் '42-வது தெரு'. நான்குமே பிராட்வே, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் நடந்தவை. நான்கிலும் முதல் குழுவில் இருந்தவர். இன்றும் 'சிகாகோ' எங்காவது மேடையேறினால் வழக்கறிஞர் பில்லி ஃபிளின் வேடத்தைப் போடுகிறவர், ஆர்பாக் முதலில் வரைந்த கோட்டின் மேல்தான் நடக்கிறார்.

பிரிஸ்கோ வேடம் 1992-ல் வந்தது. அதற்கு முன் அதே தொடரில் ஒரு வக்கீலாக ஒருமுறை தலைகாட்டியிருந்தார். அவருக்கு முன்னால் அந்தத் துப்பறிவாளர் இடத்தில் இருந்தவர் பால் சொர்வினோ. நீண்ட படப்பிடிப்பு ஒத்துவரவில்லை, ஓபரா பாடும் தன் குரலையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொர்வினோ விலகினார். பாட்டுக்காக ஒருவர் விட்டுப்போன நாற்காலியில் இன்னொரு பாடகர் வந்து அமர்ந்து, பன்னிரண்டு ஆண்டு எழுந்திருக்கவில்லை. 1999-ல் அவருக்கு ஜோடியாக எட் கிரீன் வேடத்தில் வந்த ஜெஸ்ஸி எல். மார்ட்டினும் பிராட்வேயில் 'ரென்ட்' நாடகத்தின் முதல் குழுவில் பாடியவர். இரண்டு கம்பீரமான குரல்கள், கொலைக் கேஸை விசாரித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தன. அடுத்தமுறை பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பேச்சே வேறுமாதிரி கேட்கும்.

"நான் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். இசை நாடகத்தில் பாடுவதற்குத் தனியாக என்ன தெரிய வேண்டும்? குரல் நன்றாக இருந்தால் போதாதா?" (கல்லூரி மாணவி)

போதாது அம்மா. கச்சேரியில் நீ ராகத்துக்குக் கட்டுப்பட்டவள். மேடையில் அந்தப் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டுமோ, அதற்குக் கட்டுப்பட்டவள். குரல் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்.

ஆர்பாக்கையே எடுத்துக்கொள். 'பிராமிஸஸ், பிராமிஸஸ்' நாடகத்துக்கு இசை பர்ட் பக்கராக். அதன் தலைப்புப் பாட்டைத் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பார். மூன்றெண்ணும் திஸ்ரத்தில் போகிறதே என்று கை பழகுவதற்குள் நான்கெண்ணும் சதுஸ்ரம் வரும், அதுவும் நிலைக்காது, ஐந்தெண்ணும் கண்டத்தில் ஒரு ஆவர்த்தம் வந்து தட்டிவிட்டுப் போகும். கணக்கு வேண்டுமென்றே அப்படி. சக் பாக்ஸ்டர் என்ற அந்தக் குமாஸ்தா, மேலதிகாரிகளுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துக் கொடுத்துத் தன்மானத்தை இழந்தவன். கடைசியில் விலங்கை உதறிவிட்டு வருகிறான். நிம்மதியும் கோபமும் ஒன்றாக வரும்போது மனிதன் சீரான தாளத்தில் பேச மாட்டான், அதனால் பாட்டும் சீராக இல்லை. இந்தக் கணக்கைத் தப்பாமல் பாடிவிடப் பயிற்சி உள்ள எவராலும் முடியும். ஆர்பாக் பாடும்போது கணக்கே காதில் விழாது. ஒருவன் மூச்சிரைக்க, தன் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசுகிறான் என்றுதான் கேட்கும். அந்த வேடத்துக்குத்தான் 1969-ல், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 'சிகாகோ'வில் பத்திரிகையாளர் சந்திப்புக் காட்சி ஒன்று உண்டு. கொலை செய்த ராக்ஸியை வக்கீல் தன் மடியில் பொம்மைபோல் உட்காரவைத்துக்கொள்வார். அவள் வாயசைப்பாள், குரல் வக்கீலுடையது. அதாவது ஒரே பாட்டில் ஆர்பாக் ஒரு வரியைத் தன் குரலில் பாடி, அடுத்த வரியைப் பொம்மைப் பெண்ணின் கீச்சுக்குரலில் பாடி, மறுபடி தன் குரலுக்குத் திரும்ப வேண்டும். வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒரு சொல்லும் மென்று விழுங்கப்படக் கூடாது, ஏனென்றால் சொல் புரியாவிட்டால் நையாண்டி செத்துவிடும். இதை வாரத்துக்கு எட்டுக் காட்சி செய்ய வேண்டும், புதனும் சனியும் பகல் காட்சியும் சேர்த்து. ஞாயிறு ஒரு கச்சேரி, அடுத்த வாரம் ஒரு கச்சேரி என்று பழகிய தொண்டைக்கு இது வேறு உலகம். ஆகவே உன் ஆசிரியரிடம் கற்பதை விடாதே. கூடவே, ஒரு பாட்டைச் சுருதி இல்லாமல் வெறும் வசனமாகப் பேசிப் பழகு. பேசும்போது நம்ப முடிந்தால்தான் பாடும்போது நம்ப முடியும்.

"'42-வது தெரு' அரங்கேற்றத்தில் இயக்குநர் இறந்த செய்தியை மேடையிலேயே அறிவித்தார்களாமே?" (நாடகக் குழு ஒன்றின் செயலாளர்)

ஆமாம். 1980 ஆகஸ்ட் 25, விண்டர் கார்டன் அரங்கம். இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று காலையே இறந்துவிட்டார். தயாரிப்பாளர் டேவிட் மெரிக் அதை நடிகர்களுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருந்தார். நாடகம் முடிந்து, கைதட்டல் அடங்காமல் நடிகர்கள் திரும்பத் திரும்ப வணங்கிக்கொண்டிருந்தபோது மெரிக் மேடைக்கு வந்து செய்தியைச் சொன்னார். முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். இளம் நடிகைகள் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதார்கள். அந்தக் குழப்பத்தில் திரையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் ஆர்பாக். நாடகத்தில் அவர் வேடமும் ஒரு நாடக இயக்குநர்தான். சாம்பியன் 'கார்னிவல்' காலத்திலிருந்து அவரை இயக்கியவர். அந்த நிமிடத்திலும் மற்ற நடிகர்களைப் பார்வையாளர்களின் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவர்மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் பாதி இந்தச் செய்கைக்காக.

"டோனி எத்தனை, எம்மி எத்தனை?" (விருதுப் பட்டியல் சேகரிக்கும் வாசகர்)

டோனி ஒன்று, பரிந்துரை மூன்று. டிவிக்கான எம்மி பரிந்துரையோடு நின்றது. திரை நடிகர் சங்க விருது 2005-ல், அவர் மறைந்த பிறகு.

"டோனி வாங்கியவர் மேடையை விட்டுவிட்டு வாராவாரம் போலீஸ் தொடரில் நடித்தது இறக்கம்தானே? பணத்துக்காகக் கலையை விட்டதாகத்தான் எனக்குப் படுகிறது." (மேடைப் பாடகர்)

உங்கள் கடிதத்தில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. மேடையை நம்பியிருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவதைப் பார்ப்பவர் நீங்கள். ஆனாலும் உங்களோடு முழு மனதோடு மாறுபடுகிறேன்.

'42-வது தெரு'வுக்குப் பிறகு அவர் பிராட்வேயில் புதிய இசை நாடக வேடம் எதுவும் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் பிரிஸ்கோவைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வரி சொல்வார், உடனே டைட்டில் வரும். அந்த ஒரு வரிக்கு முன்னால் அவர் விடும் இடைவெளியைப் பாருங்கள். அரை விநாடி நீண்டால் நாடகத்தனம், அரை விநாடி குறைந்தால் சொல் விழாது. அந்த அளவு படப்பிடிப்பில் கற்றுக்கொள்வதல்ல. உயிருள்ள பார்வையாளர்களுக்கு முன்னால், ஆயிரக்கணக்கான மாலைகளில், சிரிப்பு எப்போது எழும் எப்போது அடங்கும் என்று காதால் அளந்து வருவது. பாடகனுக்கு நிறுத்தமும் இசைதான். பிரிஸ்கோவின் ஒவ்வொரு வசனத்திலும் நான் கேட்பது அந்தப் பாடகனைத்தான்.

அந்தப் பாத்திரத்துக்கு அவர் கொடுத்த கனத்தையும் சொல்ல வேண்டும். குடியை விட்டவர், இரண்டு திருமணமும் முறிந்தவர், மகளோடு ஒட்டாத தகப்பன். 1998-ல் அந்த மகள் கொலையாகிறாள். கேலி பேசியே பழகிய மனிதன் அப்போது பேச்சில்லாமல் நிற்பதைக் காட்ட, முகத்தில் ஒன்றுமே செய்யாமல் நின்றார். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்துப் பழகியவர், கேமராவுக்கு முன் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டார். இதை இறக்கம் என்று எப்படிச் சொல்வது?

பணத்தையும் பேசிவிடுவோம், அது கேவலமான விஷயமில்லை. மேடையில் காட்சி நின்றால் சம்பளம் நின்றது. டிவியில் மறுஒளிபரப்புக்கும் நடிகருக்குத் தொகை வரும். 'லா அண்ட் ஆர்டர்' ஹட்சன் ஆற்றோரத்தில், செல்ஸி பியர்ஸ் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டது. பிராட்வேயிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் சாட்சி, குற்றவாளி, ஜூரி, கடைக்காரர் என்று சின்னச் சின்ன வேடங்களுக்கெல்லாம் நியூயார்க்கின் நாடக நடிகர்களையே கூப்பிட்டார்கள். அந்த ஊர் நாடகக் கையேடுகளில் நடிகர் குறிப்பைப் புரட்டினால் இந்தத் தொடரின் பெயர் தவறாமல் கண்ணில் படும். பகலில் படப்பிடிப்பில் கிடைத்த கூலியில் வீட்டு வாடகையைக் கட்டிவிட்டு, மாலையில் சொற்பச் சம்பளத்துக்குச் சிறு அரங்கில் நடித்தவர்கள் ஏராளம். மேடையைத் தின்ற தொடர் அல்ல அது, மேடைக்குச் சோறு போட்ட தொடர். அதன் நடுநாயகமாக ஒரு மேடைக்காரர் இருந்ததில் எனக்குப் பெருமைதான்.

நம் ஊரில் டிவிக்காரர்கள் நாடக நடிகர்களை இப்படிக் கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால், உங்களோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"அவர் கண்தானம் செய்தவர் என்று கேள்விப்பட்டேன். கடைசிக் காலம் எப்படி?" (செவிலியர்)

புரோஸ்டேட் புற்றுநோயோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார், வேலையையும் விடவில்லை. 2004-ல் அந்தத் தொடரிலிருந்து விலகி, அதன் கிளைத் தொடர் ஒன்றில் பிரிஸ்கோவாகவே சில காட்சிகள் நடித்தார். அவை ஒளிபரப்பாகும் முன், 2004 டிசம்பர் 28-ல் இறந்தார். அவருடைய கண்விழி வெண்படலம் இருவருக்குப் பார்வை கொடுத்தது. நியூயார்க் கண் வங்கி பிறகு தன் விளம்பரங்களில் அவர் படத்தையே பயன்படுத்தியது. பிராட்வே அரங்குகள் அவருக்காக விளக்கைத் தணித்தன. அவர் வாழ்ந்த 53-வது தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கும் முனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மனைவி இலேன், 'சிகாகோ' நாட்களில் அறிமுகமான நடனக் கலைஞர். விடிவதற்கு முன் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது, அவருக்காக ஒரு சின்னக் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போவது ஆர்பாக்கின் வழக்கம்.

"எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?" (பலர்)

'தி ஃபேன்டஸ்டிக்ஸ்' முதல் குழுவின் இசைத்தட்டிலிருந்து. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். முதல் பாட்டை வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். இருபத்தைந்தாவது வயதை எட்டாத ஒருவர் வயதானவரின் நிதானத்தோடு பாடுகிறார். ஹார்ப் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். அடுத்து 'பிராமிஸஸ், பிராமிஸஸ்', பிறகு 'சிகாகோ'. 'சிகாகோ'வின் 1975 பதிவைத் தேடி எடுங்கள், பின்னால் வந்ததில் அவர் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் 1991-ல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கார்ட்டூன் படத்தைப் போடுங்கள். மெழுகுவர்த்தி விருந்துக்கு அழைத்துப் பாடுமே, அந்தக் குரலும் அவருடையதுதான். அது முடிந்த கையோடு பிரிஸ்கோவின் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், உங்கள் காதுக்கு என்ன பட்டது என்று.