மஞ்சளும் நீலமும் கலந்தால் சாம்பலா? ஓவியம்: கேள்வி - பதில்

கேள்வி: வாட்டர்கலரில் மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வருகிறது. டேப்லெட்டில் மஞ்சள் மேல் நீலத்தைப் பாதி அடர்த்தியில் தீட்டினால் சாம்பல்தான் வருகிறது. பிரஷ் செட்டிங்கில் தப்பா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: செட்டிங்கில் தப்பே இல்லை. பெயின்ட் ஒளியை விழுங்குகிறது. திரையோ ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக (0 முதல் 255 வரை) வைத்து, அவற்றைச் சராசரி எடுக்கிறது. திரையின் மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. அடர்நீலம் 0, 0, 255. பாதிக்குப் பாதி கலந்தால் மூன்றுமே 128 பக்கம் வந்து நிற்கும். மூன்றும் சமமானால் சாம்பல்தானே!

நீலத்தைக் கீழ் லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத்தின் அடுக்கு) தீட்டி, மஞ்சளை மேல் லேயரில் வைத்து, அந்த லேயரை 'மல்டிப்ளை'க்கு மாற்றுங்கள். இது மேல், கீழ் நிறங்களின் எண்களைப் பெருக்கி 255-ஆல் வகுக்கும் முறை. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. 0, 0, 255 என்ற நீலத்தில் பச்சை துளிகூட இல்லாததால் மல்டிப்ளையில் கன்னங்கரேல் என்றாகிவிடும். வானநீலம் எடுங்கள்: 0, 160, 255. இதன்மேல் அதே மஞ்சள் விழுந்தால் 0, 160, 0. சுத்தமான பச்சை.

டியூப் கலரிலும் இதே கதைதான். அல்ட்ராமரின் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். மஞ்சளோடு சேர்ந்தால் மங்கலான பச்சைதான் கிடைக்கும். பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலத்தோடு லெமன் மஞ்சள் சேர்த்தால் இளந்தளிர்ப் பச்சை. பெயின்ட் கலப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும் வசதி ரெபெல் புரோ மென்பொருளில் இருக்கிறது. ஆனால் அதற்காகவே காசு கொடுத்து வாங்கச் சொல்லமாட்டோம். மல்டிப்ளை பழகினால் போதும்.

கேள்வி: போனில் வரைந்த படத்தை ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்தேன். கோடெல்லாம் கட்டம் கட்டமாக, கலரும் செத்துப்போய் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், கோவை

பதில்: பாவம், அவர்மேல் குற்றமில்லை. இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது அளவு. இன்ஸ்டாகிராமுக்கான 1080 × 1350 பிக்சல் கான்வாஸை ஏ3 தாளில் விரித்தால் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான் தேறும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும். அதாவது ஏ3-க்கு 3508 × 4961. வரைந்து முடித்தபின் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மாற்றுவதால் இல்லாத விவரம் முளைக்காது, முதல் கோட்டுக்கு முன்பே அளவைக் குறித்துவிடுங்கள். அந்த அளவில் லேயர் ஒன்றுக்கே சுமார் 70 எம்பி மெமரி போகும். போன் திணறினால், முடிந்த லேயர்களை ஒன்றாக்கிக்கொண்டே வாருங்கள்.

இரண்டாவது கலர். திரை தானே ஒளிர்வது. தாள், அறை வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. கிளிப்பச்சையும் மின்னல் நீலமும் நான்கு மை அச்சில் கிடைக்கவே கிடைக்காது, நீலம் ஊதாவாகச் சாயும். கிருதா, போட்டோஷாப் ஆகிய வரையும் மென்பொருள்களில் கன்ட்ரோல் + ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வையுங்கள். முழு ஏ3 அடிப்பதற்குமுன் படத்தின் மிக இருண்ட மூலையையும் மிகப் பளிச்சென்ற இடத்தையும் சின்னத் துண்டாக அடித்துப் பாருங்கள். ஃபைலை எஸ்ஆர்ஜிபியில் (திரைக்கான கலர் முறை) கொடுப்பதா, சிஎம்ஒய்கேயில் (நான்கு மை அச்சுக்கான முறை) கொடுப்பதா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: டேப்லெட்டில் நன்றாகவே வரைவேன். வாட்டர்கலரில் வானம் தீட்டினால் மட்டும் காலிஃப்ளவர் மாதிரி திட்டு விழுகிறது. ஏன்?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அன்டூ (போட்ட கோட்டை ரத்துசெய்யும் வசதி) பழகிய கை, காயும்போது திருத்தப் போகிறது. அதுதான் காரணம். தாளைச் சாய்த்துப் பாருங்கள்: பளபளப்பு இருக்கும்வரை கலர் சேர்க்கலாம். பளபளப்பு போய், புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது தாளைவிட ஈரமான பிரஷ்ஷை வைத்தால், அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளித் திட்டாக்கும். பிரஷ்ஷைக் கழுவி, துணியில் ஒற்றி, பிறகு தொடுங்கள். அல்லது முழுதாகக் காயவிட்டு அடுத்த பூச்சு கொடுங்கள். காயும்போது நிறம் வெளுக்கும் என்பதால் முதல் பூச்சையே கொஞ்சம் அடர்த்தியாகப் போடலாம். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முடிந்தால் முழுப் பருத்தி. மெல்லிய தாள் நெளிந்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அங்கேயும் திட்டுதான்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. ஐபேட் கேட்கிறாள். வாங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போது வேண்டாம். 2பி பென்சில், ஸ்கெட்ச் புத்தகம், 12 கலர் பெட்டி போதும். ஆசை தணியாவிட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகும் திரையில்லாத பென் டேப்லெட் ஒன்று வாங்கி, இலவசமான கிருதாவை ஏற்றிக் கொடுங்கள். கை ஒருபக்கம், கண் ஒருபக்கம் என்பதால் ஆரம்பத்தில் தடுமாறுவாள், பழகிவிடும்.

கேள்வி: டிஜிட்டல் படத்துக்கு 'ஒரிஜினல்' கிடையாதே, யார் வாங்குவார்கள்?
- வாசகர், சேலம்

பதில்: பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2020-இல் பிரான்ஸின் நார்மண்டியில் ஐபேடில் வரைந்த வசந்தகாலக் காட்சிகளை லண்டன் ராயல் அகாடமி 2021-இல் தாளில் அச்சிட்டுத்தான் காட்சிக்கு வைத்தது. நீங்களும் அப்படியே செய்யலாம். அமிலமற்ற பருத்தித் தாள், நிறமி மை, 25 பிரதிகள் என்று முன்கூட்டியே வரம்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் 1/25, 2/25 என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இருபத்தாறாவது பிரதி அடித்தால் வாங்கியவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார். லேயர்களோடு உள்ள மூல ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும்.