பரம வைரிகள் மோதும் கால்பந்து நட்புப் போட்டியைப் பார்ப்பது வீணா?

கேள்வி: "கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது; பயிற்சியாளர்களோ பாதி அணியை மாற்றிவிடுகிறார்கள். பிரேசிலும் அர்ஜென்டினாவும், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடினால்கூட நட்புப் போட்டியைப் பார்ப்பது நேர விரயம் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து என்ன?"

உங்கள் நண்பரின் கருத்து எனக்கு ஏற்புடையதல்ல. பொதுவாக நட்புப் போட்டிகளைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் போட்டி உணர்வு கொண்ட இரண்டு தேசிய அணிகள் களமிறங்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. பல ஆண்டுகளாகக் கால்பந்தை விடாமல் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் அணியின் குணத்தை, குறிப்பாக அதன் பயிற்சியாளரின் குணத்தை, உலகக் கோப்பைக்கு முன்பே தெரிந்துகொள்ள இத்தகைய ஆட்டங்களைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை.

முதலில் புள்ளி விஷயத்தைப் பார்த்துவிடலாம். ஃபிஃபா தரவரிசைக்காக 2018 முதல் பின்பற்றப்படும் முறையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முக்கியத்துவ எண் ஒன்று உண்டு. சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட நாட்களில் நடக்கும் நட்புப் போட்டிக்கு அந்த எண் 10; உலகக் கோப்பையில் காலிறுதி முதல் இறுதி வரை 60. சமபலம் கொண்ட இரண்டு அணிகள் மோதினால் வெல்லும் அணிக்கு அதில் பாதி சேரும். அதாவது நட்புப் போட்டியில் 5 புள்ளி, உலகக் கோப்பைக் காலிறுதியில் 30 புள்ளி. ஆகவே புள்ளியே இல்லை என்பது சரியன்று. ஆயினும் அந்த ஐந்து புள்ளிக்காக எந்த வீரரும் உயிரைக் கொடுத்து ஓடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களை ஓடவைப்பது எதிரே நிற்கும் சட்டையின் நிறம்.

இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 2012 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள மெட்லைஃப் மைதானத்தில் நடந்த பிரேசில்–அர்ஜென்டினா ஆட்டம். லண்டன் ஒலிம்பிக்கைக் குறிவைத்து இளைஞர்களைக் கொண்டு பிரேசில் அமைத்திருந்த அணி அது. நெய்மார், ஆஸ்கார், ஹல்க் ஆகியோர் அதில் இருந்தார்கள். 80,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். பிரேசில் முதல் கோலைப் போட்டது. மெஸ்ஸி மூன்றே நிமிட இடைவெளியில் இரண்டு கோல்களைப் போட்டுத் திருப்பினார். ஆஸ்கார் சமன் செய்தார். ஹல்க் பிரேசிலை மீண்டும் முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அர்ஜென்டினாவின் ஃபெர்னாண்டஸ் தலையால் முட்டி 3–3 ஆக்கினார். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடங்கள் இருந்தபோது வலப்புறத்தில் பந்தைப் பெற்ற மெஸ்ஸி, துரத்தி வந்த மார்செலோவைப் பின்தள்ளிக்கொண்டு உள்நோக்கி வெட்டி, பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்தே இடக்காலால் அடித்த பந்து வலையின் எதிர் மூலையில் மேலே போய்ச் செருகியது. 4–3. கோப்பை இல்லாத அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பிரேசிலின் மார்செலோவும் அர்ஜென்டினாவின் லவெட்ஸியும் மோதிக்கொண்டு இருவருமே சிவப்பு அட்டை வாங்கினார்கள். பணயம் எதுவும் இல்லாத ஆட்டத்தில் இரண்டு பேர் அந்த அளவுக்குப் போவது, இந்தப் பகையை உணர்ந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

இதே இரண்டு அணிகள் தென் அமெரிக்க நாடுகளுக்கான 2021 கோப்பா அமெரிக்கா தொடரின் இறுதியில் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் மோதியபோது அர்ஜென்டினாவின் டி மரியா அடித்த ஒரே கோல்தான் முடிவைத் தீர்மானித்தது. இறுதியாட்டத்தில் தோற்றுவிடக் கூடாது என்ற அச்சம் இரு தரப்பையும் கட்டிப்போட்டிருந்தது. நியூ ஜெர்சியில் அந்த அச்சம் இல்லை; பெருமை மட்டும் இருந்தது. அதனால்தான் ஏழு கோல்கள் விழுந்தன என்பது என் துணிபு.

எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை என்று நீங்கள் மறுக்கலாம், நியாயமான மறுப்புதான். 2010 நவம்பரில் தோஹாவில் அர்ஜென்டினா 1–0 என்றும், 2018 அக்டோபரில் ஜித்தாவில் பிரேசில் 1–0 என்றும் வென்றன. ஆனால் அந்த இரண்டு கோல்களும் எப்போது விழுந்தன என்று பாருங்கள். தோஹாவில் மெஸ்ஸி அடித்ததும், ஜித்தாவில் நெய்மாரின் கார்னர் கிக்கை மிராண்டா தலையால் முட்டியதும், 90 நிமிடங்கள் கடந்த பிறகு கிடைத்த கூடுதல் நேரத்தில். பொருட்டில்லாத ஆட்டமாக இருந்திருந்தால் அந்நேரத்தில் இரு அணிகளும் விசிலுக்காகக் காத்துக்கொண்டு பந்தைப் பின்களத்தில் உருட்டிக்கொண்டிருக்கும்.

பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 2005 நவம்பர் 12 அன்று ஜெனீவாவில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய நட்புப் போட்டி என்னைப் பொறுத்தவரை இவ்வகை ஆட்டங்களிலேயே மிகச் சிறந்தது. 1986இல் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோல், 1998இல் பெக்கமுக்குச் சிவப்பு அட்டை, 2002இல் அதே பெக்கமின் பெனால்டி என்று இந்த இரு அணிகளுக்கும் இடையே தீராத கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. கிரெஸ்போ போட்ட கோலுக்கு ரூனி பதிலடி கொடுத்தார். வால்டர் சாமுவேல் மீண்டும் அர்ஜென்டினாவை முன்னிலையில் நிறுத்தினார். நடுக்களத்தில் அர்ஜென்டினாவின் ரிக்கல்மே பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தையே தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் ஆட்டம் நின்றது, அவர் விட்டால் ஓடியது. 2–1 என்ற முன்னிலையைக் காத்தால் போதும் என்று நினைத்த பயிற்சியாளர் பெக்கர்மன், ஆட்டம் முடியும் தறுவாயில் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். அதன் பிறகு ஓவன் அடுத்தடுத்து இரண்டு முறை தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் அனுப்ப, இங்கிலாந்து 3–2 என்று வென்றது.

அப்போது அதை ஒரு விறுவிறுப்பான முடிவாக மட்டுமே பலர் பார்த்தார்கள். ஆனால் ஏழு மாதங்கள் கழித்து, 2006 ஜூன் 30 அன்று பெர்லினில் ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது, 72ஆம் நிமிடத்தில் பெக்கர்மன் ரிக்கல்மேயை வெளியே எடுத்துக் கம்பியாசோவை இறக்கினார். 80ஆம் நிமிடத்தில் க்ளோசே சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா வெளியேறியது. மெஸ்ஸி அன்று கடைசி வரை களமிறக்கப்படவே இல்லை. முன்னிலை கிடைத்துவிட்டால் படைப்பாளியைப் பலிகொடுத்துத் தற்காப்புக்குள் ஒதுங்கும் அந்தப் பயிற்சியாளரின் பழக்கம் ஜெனீவாவிலேயே வெளிப்பட்டுவிட்டது. எளிய எதிரணியுடன் ஆடும் பயிற்சி ஆட்டத்தில் அது தெரிந்திருக்காது. அழுத்தம் இருந்தால்தானே பழக்கம் வெளியே வரும்!

பயிற்சியாளர்கள் அணியையே மாற்றிவிடுகிறார்கள் என்ற குறையில் உண்மை உண்டு. அதன் உச்சம் 2003 பிப்ரவரி 12 அன்று லண்டன் அப்டன் பார்க்கில் நடந்தது. கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் இங்கிலாந்தின் பழம்பெரும் எதிரியான ஆஸ்திரேலியாவுடன் நடந்த கால்பந்து நட்புப் போட்டியில், இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார். 17 வயது ரூனி தேசிய அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது அந்த இரண்டாம் பாதியில்தான். ஆஸ்திரேலியா 3–1 என்று வென்றது. எரிக்சனுக்கு அது சோதனைக்களம். ஆஸ்திரேலியர்களுக்கு அது வரலாறு. இப்படிப்பட்ட கூண்டோடு மாற்றங்கள் ஆட்டத்தின் மதிப்பையே குலைப்பதால், ஒரு நட்புப் போட்டியில் ஓர் அணி ஆறு மாற்று வீரர்களுக்கு மேல் இறக்கக் கூடாது என்று விதிகளை வகுக்கும் வாரியம் 2004இல் வரையறை செய்தது. சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

இனி இங்கிலாந்து–ஸ்காட்லாந்து. உலகின் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டமே இந்த இரு வைரிகளின் நட்புப் போட்டிதான்: 1872 நவம்பர் 30, கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானம், ஏறத்தாழ 4,000 பார்வையாளர்கள். ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள். கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கம்பி கிடையாது, நாடாதான் கட்டியிருந்தார்கள். இங்கிலாந்து வீரர்கள் ஆளுக்கொருவராகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓட, உடல் எடையில் குறைந்த ஸ்காட்லாந்து வீரர்கள் ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடினார்கள். கோல் எதுவும் விழவில்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும், பந்தைத் தோழனுக்குத் தட்டிக்கொடுத்து ஆடும் முறையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

இந்த வரிசையில் 2013 ஆகஸ்ட் 14 அன்று வெம்ப்ளியில் நடந்த ஆட்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். 1999க்குப் பிறகு இரு அணிகளும் சந்தித்த முதல் ஆட்டம் அது. ஸ்காட்லாந்து இரண்டு முறை முன்னிலை பெற்றது. இரண்டு முறையும் இங்கிலாந்து சமன் செய்தது. கீழ்நிலை லீக்குகளில் பல ஆண்டுகள் உழைத்து 31 வயதில் முதன்முறையாகத் தேசிய அணிக்குத் தேர்வான ரிக்கி லாம்பர்ட், ரூனிக்குப் பதிலாகக் களமிறங்கிச் சில நிமிடங்களில் வந்த கார்னர் கிக்கைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். சர்வதேசக் கால்பந்தில் அவருடைய முதல் தொடுகையே வெற்றி கோல்! அதே ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக மாற்று வீரராக இறங்கிய வில்ஃப்ரெட் ஸாஹா, பின்னர் தாம் பிறந்த ஐவரி கோஸ்ட்டின் அணிக்கு மாறிவிட்டார். இங்கிலாந்துக்காக அவர் ஆடியவை இரண்டும் நட்புப் போட்டிகளே. நட்புப் போட்டி ஒரு வீரரை ஒரு நாட்டுடன் நிரந்தரமாகப் பிணைப்பதில்லை என்பதால்தான் அந்த மாற்றம் சாத்தியமாயிற்று. நம் சுனில் சேத்ரி இந்திய அணிக்காக முதல் ஆட்டத்தை ஆடி முதல் கோலை அடித்ததும் ஒரு நட்புப் போட்டியில்தான். 2005 ஜூன் மாதம், குவெட்டாவில், பாகிஸ்தானுக்கு எதிராக.

இவ்வளவு பாராட்டிவிட்டு, இத்தகைய ஆட்டங்கள் நட்பை வளர்க்கின்றன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1938 மே மாதம் பெர்லினில் ஜெர்மனியுடன் நடந்த நட்புப் போட்டியில் இங்கிலாந்து வீரர்கள் நாஜி வணக்கம் செலுத்த வைக்கப்பட்டார்கள். அவர்கள் 6–3 என்று வென்றதை விட அந்தப் புகைப்படத்தையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் டப்ளினில் அயர்லாந்து ஒரு கோல் முன்னிலை பெற்றதும், மேல்தளத்தில் இருந்த இங்கிலாந்து ரசிகர்களில் ஒரு கூட்டம் இருக்கைகளைப் பெயர்த்துக் கீழே இருந்தவர்கள் மீது வீச, 27 நிமிடங்களிலேயே ஆட்டம் கைவிடப்பட்டது. அதன் பின் டப்ளினில் இந்த இரு அணிகளும் மீண்டும் ஆட 2015 ஜூன் வரை இருபது ஆண்டுகள் ஆயின. அந்த ஆட்டம் 0–0 என்று சப்பென்று முடிந்தது. அந்தச் சப்பென்ற முடிவுக்காக அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அதே 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் பிரான்சும் ஜெர்மனியும் நட்புப் போட்டி ஆடிக்கொண்டிருந்தபோது மைதானத்துக்கு வெளியே தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஜெர்மனி அணியினர் இரவு முழுவதும் மைதானத்திலேயே தங்க நேர்ந்தது. அவர்களை விட்டுப் போகாமல் பிரெஞ்சு வீரர்களும் உடன் தங்கினார்கள். நான்கு நாட்கள் கழித்து, 17ஆம் தேதி, வெம்ப்ளியில் இங்கிலாந்தும் பிரான்சும் ஆடின. பிரெஞ்சுத் தேசிய கீதத்தின் வரிகள் திரையில் ஓட, நூற்றாண்டுகளாகப் பிரான்சைச் சீண்டியே பழகிய இங்கிலாந்து ரசிகர்கள் எழுந்து நின்று அதைச் சேர்ந்து பாடினார்கள். இங்கிலாந்து 2–0 என்று வென்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தகுதிச் சுற்று ஆட்டமாக இருந்திருந்தால் அரங்கில் அந்த மனநிலை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என்னுடைய உண்மையான வருத்தம் வேறொன்று. பிரேசில்–அர்ஜென்டினா ஆட்டம் 1914இல் பியூனஸ் ஐரிஸில் தொடங்கி, ரோக்கா கோப்பை என்ற தொடராக இரு நாட்டு மக்களின் கண்முன்னே வளர்ந்தது. இந்த நூற்றாண்டிலோ இரு நாடுகளின் முழுபல அணிகள் மோதும் நட்புப் போட்டிகள் தோஹா, நியூ ஜெர்சி, பெய்ஜிங், மெல்போர்ன், ஜித்தா, ரியாத் என்று அதிகப் பணம் கொடுக்கும் ஊர்களுக்குப் போய்விட்டன. மெல்போர்னில் 2017இல் 95,000 பேர் வந்தார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இந்தப் பகையை வளர்த்தெடுத்த ரசிகனுக்கு அந்த நட்புப் போட்டிகளை மைதானத்தில் நேரில் பார்க்கும் வாய்ப்பு இல்லை. 2011இல் இந்தத் தொடருக்குப் புத்துயிர் கொடுத்து இரு நாடுகளிலும் மாறி மாறி ஆடவைத்தார்கள். உள்நாட்டு லீக்குகளில் ஆடுபவர்களுக்கு மட்டும் இடம் என்ற அந்த ஏற்பாடும் நீடிக்கவில்லை. மீண்டும் ஒருமுறை முழுபல அணிகளுடன் சொந்த மண்ணில் நடத்த வேண்டும் என்பதே என் ஆசை.

உங்கள் நண்பர் அடுத்த முறை இப்படியோர் ஆட்டத்தைப் பார்த்தால், மாற்று வீரர்கள் வரிசையாக இறங்கத் தொடங்கும் வரையிலான முதல் ஒரு மணி நேரத்தை முழுக் கவனத்துடன் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பந்தைவிடப் பயிற்சியாளரின் பெஞ்சைக் கவனிக்கட்டும். முன்னிலையில் இருக்கும்போது யாரை வெளியே எடுக்கிறார், பின்தங்கும்போது யாரை நம்பி இறக்குகிறார் என்று பார்க்கட்டும். அதற்கும் அவர் இணங்காவிட்டால், ஜெனீவா ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களையும் பெர்லின் காலிறுதியின் கடைசி இருபது நிமிடங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.