வாசகர் கேள்வி: கூத்து ஒரு ராத்திரி, வீடியோ பத்து நிமிடம்

கேள்வி: எனக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பையன்கள் பாரதக் கூத்தை யூடியூபில் போடுகிறார்கள். ஒரு ஊர் தன்னை இணையத்தில் எப்படிக் காட்டிக்கொள்கிறது என்று ஆய்வு செய்ய ஆசை. வீடியோக்களைப் பார்த்தால் போதுமா, ஊரில் போய் உட்கார வேண்டுமா?
– ஒரு மாணவி

பதில்: போய் உட்காருங்கள் அம்மா. படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாலக்கோடு பக்கத்துக் கூத்து வீடியோக்களை வீட்டிலிருந்தே பார்த்து நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்தேன். எல்லாம் பத்து நிமிடத் துண்டுகள், பெரும்பாலும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் செய்யும் கேலி. திரௌபதி வேஷம் தேடினாலும் கிடைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு மட்டும் போதும் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் துகில் உரியும் ராத்திரிக்கு அந்த ஊருக்கே போனேன். மூங்கில் கழியில் கைபேசியைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் பந்தல் ஓரம் நின்றான். துச்சாதனன் சேலையில் கை வைக்கப் போகும்போது கற்பூரம் ஏற்றினார்கள். பையன் சட்டென்று கைபேசியைக் கவிழ்த்துவிட்டுக் கும்பிட்டான். கேட்டேன். "அம்மன் இறங்குற நேரம் சார், அதை எடுக்க மாட்டோம்" என்றான். நோட்டில் பாதியை அன்றைக்கே அடித்தேன்.

அதனால் வீடியோவில் இருப்பதோடு இல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இல்லை என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். எடுத்தவனோடு உட்கார்ந்து, எங்கே வெட்டினான், ஏன் வெட்டினான் என்று கேளுங்கள். யாருக்காகப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன சொந்தக்காரருக்கா, அடுத்த வருஷம் கூத்து வைக்க ஆள் தேடும் வேற்றூர்க்காரருக்கா? கூத்தாடும் குழுவின், அதாவது சபாவின், செல் நம்பர் படத்தின் மேலேயே இருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

இணையத்திலேயே கூடிப் பழகும் கூட்டங்களை அங்கேயே இருந்து ஆராயும் முறையும் உண்டு. சந்தையியல் ஆய்வாளர் ராபர்ட் கோசினெட்ஸ் 1990களில் அதற்கு நெட்னோகிராபி என்று பேர் வைத்தார். உங்கள் ஊர் அந்த வகை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 'ஒய் வீ போஸ்ட்' (Why We Post) என்ற திட்டத்தில் மானிடவியலாளர்கள் 9 பேர் ஆளுக்கோர் இடத்தில் 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பகுதியும் அதில் உண்டு. அந்தத் திட்டத்தில் வந்த நூல்கள் இணையத்தில் இலவசம், கட்டாயம் படியுங்கள். அந்தப் பகுதிக்குப் 'பஞ்சக்கிராமி' என்று மாற்றுப்பேர் கொடுத்திருப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீடியோ பொதுவில்தானே கிடக்கிறது என்று பையன்கள் பேரை எழுதிவிடாதீர்கள்.

ஒரு சபா, ஒரு கூத்துக் காலம். எம்.ஏ.வுக்கு அது தாராளம்.

கேள்வி: நாங்கள் ஓசூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். இதெல்லாம் ஆய்வுக்கு ஆகுமா?

பதில்: பேஷாக ஆகும்! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பக்கம் உங்களுடையது. துக்கச் செய்தி எந்த மொழியில் வருகிறது, கல்யாணப் பத்திரிகை எந்த எழுத்தில் வருகிறது, பாட்டிக்கு மட்டும் ஏன் குரல் பதிவு போகிறது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். முதலில் குரூப்பில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், பாட்டியிடமும்தான்.