காலையில் கிளம்ப மறுக்கும் கணினி: முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள்

வணக்கம். காலையில் நாலைந்து முறை அழுத்திய பிறகே கணினி கிளம்புகிறது, ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே நிற்கிறது, விண்டோஸை மறுபடி நிறுவியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பயனிருக்கும்? நீங்கள் பொத்தானை அழுத்தும்போது விண்டோஸ் இன்னும் ஓடவே தொடங்கவில்லையே!

இரண்டு கோளாறுக்கும் பொதுவான சந்தேகம், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம், அதாவது கணினி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் மின்சாரம். பவர் பொத்தானுக்குக் காத்திருப்பதும், ஸ்லீப்பில் ரேமைக் காப்பாற்றுவதும் அதுதான். ஏழு வருடப் பழசு என்கிறீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கலாம். குளிர்ந்திருக்கையில் திணறிவிட்டு, சூடேறியதும் ஒழுங்காக ஓடுவது அவற்றின் குணம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா? கணினியை அணைத்து, சுவர் சுவிட்சை மட்டும் போட்டு, மதர்போர்டின் 24 முனை இணைப்பில் ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே காட்டினாலோ, பொத்தானை அழுத்தும்போது சரிந்தாலோ எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடுங்கள். வேறொன்று இரவல் கிடைத்தால் அதைப் போட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. பழையதைத் திறக்க மட்டும் வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

மின்சாரம் சரியாக இருந்தால், ரேமைக் கழற்றி மாட்டுங்கள், விண்டோஸ் சீக்கிரம் கிளம்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். கணினியின் கடிகாரமும் பின்தங்கினால் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுங்கள், விலை சொற்பம்தான்.