கையில் நாலரை லட்சம், மனசில் ஸ்போர்ட்ஸ் கார்: குளச்சலுக்கு எந்தப் பழைய கார் சரிப்படும்?

கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். வேலை நாகர்கோவிலில். கையில் நாலரை லட்சம். கார் பைத்தியமான நண்பர்கள் "2002 ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றைத் தேடி எடு, அதுதான் கார்" என்கிறார்கள். வீட்டில் ஸ்விஃப்ட்டோ வேகன் ஆரோ போதும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

நான் தக்கலைக்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி நண்பர்கள் பேச்சைக் கேட்டு வாங்கி அடிபட்டவன். ஆனாலும் அவர்களை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். எந்தக் கார் என்பதை வீட்டில் கேளுங்கள், காரை எப்படிப் பார்ப்பது என்பதை அந்தப் பைத்தியங்களிடம் கேளுங்கள்.

முதலில் என் கதை. 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் போட்ட ஒரு சின்ன ஹேட்ச்பேக், சிவப்பு நிறம். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது அல்ல. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வந்த சத்தத்தில் விலை பேசவே மறந்துபோனேன். விற்றவர் வீடு முட்டத்தில், வாசலில் நின்றால் கடல் தெரியும். அன்றைக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து மழை பிடித்தபோது டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரமாகவே கிடந்தது. மெக்கானிக் அண்ணாச்சி கார்பெட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது தகரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே தரையில் விழுந்தது.

"எஞ்சின வாங்கிருக்க மக்கா. வண்டிய எங்க விட்டுட்டு வந்த?"

டிங்கர் வேலைக்கு ஆன செலவை வீட்டில் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இது பாலபாடம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எம்.ஜி.பி என்று ஒரு பிரிட்டிஷ் திறந்த கார், 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்குத் தனியாகச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் எலும்பும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ய ஆரம்பித்துவிடும். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்பு எத்தனையோ எம்.ஜி.பிகளைத் தின்றிருக்கிறது. அதனால் அந்த ஊர் ரசிகர்கள் எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். எஞ்சினை இறக்கிச் செய்துவிடலாம், இற்றுப்போன பாடிக்குச் செலவு செய்து முடியாது. நமக்கு உப்பைக் காசு கொடுத்துக் கொட்ட வேண்டியதே இல்லை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று காற்றே கொண்டுவந்து தருகிறது. போதாக்குறைக்கு வருஷத்துக்கு இரண்டு மழை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நண்பர்கள் சொன்ன விடெக்கைப் பாருங்கள். விடெக் என்பது அந்த ஹோண்டா எஞ்சினின் பெயர். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அபாரமான எஞ்சின், அதில் நண்பர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பணம்கூடப் போகட்டும். தினமும் குளச்சலிலிருந்து நாகர்கோவில் போய்வர இருக்கிற ஒரே கார் அதுதான் என்றால், ஒரு சின்ன பார்ட்டுக்காக வண்டி இரண்டு வாரம் ஷெட்டில் நிற்கும்போது நீங்கள் பஸ்ஸில் நிற்பீர்கள். விடெக்கைச் சொன்ன நண்பர்களிடம் கேளுங்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் இன்னொரு கார் இருக்கும்.

இதற்காக ஆசையை விட வேண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் உண்மையில் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று பாருங்கள். மாஸ்டா 1989-ல் கொண்டுவந்த எம்.எக்ஸ்-5 பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பழைய லோட்டஸ் எலானைப் பார்த்துச் செய்தது. அசுர வேகமெல்லாம் கிடையாது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, சொன்னபடி திரும்பும் ஸ்டியரிங், அவ்வளவுதான். நம்ம ஊர் 2011-க்குப் பிந்தைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டும் ஏறக்குறைய அதே எடைதான். எம்.எக்ஸ்-5 மாதிரி பின்சக்கரம் வண்டியைத் தள்ளாது, கூரை திறக்காது, சக்தியும் கொஞ்சம் குறைவு. ஆனால் தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை வளைவுகளில் அதிகாலையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை இங்கே டாக்டர்கள் நோயாளி வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள். அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். வீட்டுக் காருக்கும் ஆசைக் காருக்கும் நடுவில் இருக்கிற சுவர் நாம் நினைக்கிற அளவு உயரமில்லை.

ஆகவே என் ஓட்டு 2012-லிருந்து 2015 வரையிலான பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு. எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் தலைவலி கிடையாது, உள்ளே செயின். வீட்டில் முட்டிவலிக்காரர்கள் இருந்தால் வேகன் ஆர். அதிகம் குனியாமல் ஏறி உட்கார்ந்து எழும்பலாம், அதன் அருமை வயசானவர்களுக்குத்தான் தெரியும். தினசரி ஓட்டம் குறைவென்றால் டீசல் பக்கம் போகவே வேண்டாம்.

இனி பார்க்கிற விதம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில், கழுவாத வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்துக்கு மேல் வளைவிலும் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுக் கையை விட்டுத் தடவுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். கடற்கரை வண்டி முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குப் பழகிய ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிஷம் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டி.என். 74, டி.என். 75 வண்டி என்றால் ஊர் எது என்று கட்டாயம் கேளுங்கள். குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓடிய வண்டிக்கும் கடியபட்டணத்தில் நின்ற வண்டிக்கும் ஆர்.சி. புக்கில் வித்தியாசம் தெரியாது, அடியில் தெரியும்.

திருவனந்தபுரத்தில் கல்ஃப்காரர் வீட்டு வண்டி ஒன்று வருகிறது, பத்து வருஷத்தில் 28,000 கிலோமீட்டர்தான் என்று எழுதியிருந்தீர்கள். குறைந்த ஓட்டம் என்றதும் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஷெட்டில் சும்மா நின்ற வண்டியில் ரப்பர் சாமான்கள் எல்லாம் காய்ந்துபோயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. அப்படி டயர் இருந்தால் நாலையும் மாற்றும் செலவை விலையிலேயே கழியுங்கள். கேரள வண்டி என்றால் அங்கே என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு பல சமயம் மலிவாக இருக்காது. இன்னொன்று, கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளம். இந்தப் பக்கம் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி முழுகியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சேற்றுக் கறை இருந்தால், சீட்டின் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பியில் துரு இருந்தால், அந்த வண்டி நீந்திய வண்டி.

ஓட்டிப் பார்க்க நாகர்கோவில் டவுனுக்குள் சுற்றினால் ஒன்றும் தெரியாது. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரை போங்கள். ஆடியில் அங்கே காற்று பக்கவாட்டில் அறையும்போது ஸ்டியரிங் எவ்வளவு அலைகிறது என்பதிலேயே வண்டியின் வயசு தெரிந்துவிடும். திரும்பி வந்து மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச்சின் கதையும் ஏ.சி.யின் கதையும் வெளியே வரும்.

வாங்கிய பிறகு வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே பளபளக்க வேண்டாம், கீழே உப்பு நிற்கக் கூடாது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை அடைத்துக்கொண்டால் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

விடெக் ஆசை அப்புறமும் தீரவில்லை என்றால், வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். பெட்ரோல் மட்டும் நீங்கள் அடித்துக் கொடுத்துவிடுங்கள்.